மெக்கானிக் காதுக்குப் போகாத குறை

வாகனம்: வாசகர் கேள்வி பதில்
(பதில் சொல்பவர் பொள்ளாச்சியில் 31 ஆண்டுகள் கார் பட்டறை நடத்தியவர்)

கேள்வி: அண்ணா, நான் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளி ஆசிரியை. 17 மாதத்துக்கு முன்னால் 13 லட்சம் கொடுத்து டீசல் கார் எடுத்தோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு 4 கிலோமீட்டர். தினமும் நான்தான் ஓட்டுகிறேன். இதுவரை ஓடியது 7,800 கிலோமீட்டர். ஆறாவது மாதத்திலேயே மீட்டர் பக்கம் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சைலன்சர் மாதிரி படம், அதற்குள் புள்ளி புள்ளியாக இருக்கும். ஈரோட்டில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், கவுந்தப்பாடி தாண்டுவதற்குள் விளக்கு அணைந்துவிடுகிறது. அங்கே போய்ச் சொன்னால், "ஒண்ணுமில்லை மேடம், சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம்" என்று கழுவித் துடைத்துத் தருகிறார்கள். பத்து நாளில் மறுபடி எரிகிறது. நான்கு தடவை போயாயிற்று, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் விடுப்பு. மூன்றாவது தடவை, "ஆக்சிலரேட்டரை எப்படி மிதிக்கிறீங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்கள். நான்காவது தடவை கணவர் கூட வந்தார். அவரிடம் மட்டும் பேசினார்கள்.

போன மாதம் என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு வந்திருந்தார். 40 வருடம் டிராக்டர் ஓட்டியவர். பானட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "ஆயில் ஏறியிருக்குது அம்மணி, டீசல் வாசம் வருது" என்றார். அதையும் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஆயில் குறைஞ்சாத்தானுங்க மேடம் பயப்படணும், ஏறினா நல்லதுதானுங்க" என்றார் அந்தத் தம்பி. நாங்கள் வாங்கியது ஓட்டை வண்டியா? கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: உங்கள் அப்புச்சி சொன்னதுதான் சரி. நான்கு தடவை கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியாததை அவர் மூக்கால் கண்டுபிடித்திருக்கிறார். அதனால் முதல் வேலை, ஆயிலை மாற்றும்வரை இந்தக் காரை ஓட்டாதீர்கள். ஈரோடு வரைகூட ஓட்டிப் போக வேண்டாம். காருடன் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் கொடுத்திருந்தால் அந்த எண்ணுக்குப் போன் செய்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி இளகிவிடும். டர்போவும் பேரிங்கும் அந்த ஆயிலை நம்பித்தான் சுற்றுகின்றன.

இனி அந்த மஞ்சள் விளக்குக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கிற புது வண்டிகள் எல்லாம் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வர வேண்டும். அதற்காக டீசல் கார்களின் புகைபோக்கியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். கரும்புகையில் இருக்கிற கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை அவ்வப்போது உள்ளேயே எரித்தாக வேண்டும். அதற்கு வடிகட்டி சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். எஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஒரு தடவை எரித்து முடிக்கப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். அதுவரை வண்டி நிற்காமல் ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும்.

உங்கள் 4 கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடுகிறது. எரிக்கத் தொடங்கும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் கலக்கிறது. மாலையில் திரும்பி வரும்போதும் அதே கதை. ஒன்றரை வருடமாக இது நடந்திருக்கிறது. வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் விசிறி சத்தமாகச் சுற்றுவது, நிற்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றுகிற வேகம்) வழக்கத்தைவிட ஏறியிருப்பது, கருகல் வாசம், இவற்றை நீங்களே சில நாள் கவனித்திருப்பீர்கள். எரிப்பு பாதியில் நின்றதற்கு அடையாளங்கள் அவை.

உங்கள் கடிதத்தில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்ட வார்த்தை கவுந்தப்பாடி. கோபியிலிருந்து கிளம்பி இருபது நிமிடம் நல்ல ரோட்டில் 60-க்கு மேல் ஓட்டினீர்கள் அல்லவா? அந்த ஓட்டத்தில் கரி எரிந்து முடிந்து விளக்கு அணைந்துவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போகிற பயணமே வண்டிக்கு வைத்தியமாகிவிட்டது. சித்தோடு வரும்போது வண்டி சுகமாக இருக்கிறது. அவர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். இங்கேதான் எனக்கு வருத்தம். "விளக்கு எங்கே எரிகிறது, எங்கே அணைகிறது, தினம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?" என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் முதல் தடவையிலேயே தெரிந்திருக்கும். நீங்கள் எப்படி மிதிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றியவருக்கு, எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பட்டறையை மூடிய பிறகு புதிதாக ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். 9,000 கிலோமீட்டரில் முன்பக்க இடது சக்கரத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். நேர் ரோட்டில் வராது. மெதுவாக இடது பக்கம் திரும்பும்போது ஒரு மேடு ஏறி இறங்கினால் வரும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் வளைவுகளில் அந்தச் சத்தம் கேட்டது. சர்வீஸ் சென்டரில் ஐந்து மாதத்தில் நான்கு தடவை விட்டேன். நான்கு தடவையும் பளபளவென்று கழுவி, "செக் பண்ணியாச்சு சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். நான் மெக்கானிக் என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே வர விடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபா, காபி, டிவி. அந்தப் பக்கம் என் வண்டி. 31 வருடம் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவன், சொந்தக் காரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்று மனசு கனத்துப் போனது.

ஐந்தாவது தடவை சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வேலை செய்கிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வரட்டும், அப்புறம் தருகிறேன் என்றேன். சாப்பாட்டு நேரத்தில் உடுமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். பின்பக்கச் சந்தில் இரண்டாவது வேகத்தடையிலேயே, "ஐயா, ஸ்ட்ரட் மவுண்ட் போயிருக்குதுங்க" என்றான். முன்சக்கரத்து ஷாக் அப்சார்பரை மேலே பாடியோடு பிடித்து வைக்கிற பாகம் அது. இரண்டு மணி நேரத்தில் வாரண்டியிலேயே மாற்றியும் கொடுத்தான். இதற்கு முன்னால் நான்கு தடவையும் என் வண்டியைப் பார்த்தது யார் என்று கேட்டேன். அவனேதான். தன்னிடம் வந்த ஜாப் கார்டை, அதாவது என்ன வேலை என்று எழுதி வண்டியோடு அனுப்புகிற சீட்டைக் காட்டினான். "ஜெனரல் செக்கப், வாஷிங்" என்று இருந்தது. வேறு ஒரு வரி இல்லை. நான் ஐந்து மாதமாகச் சொன்ன சத்தம் அந்தப் பையன் காதுக்குப் போகவே இல்லை.

எங்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் 1920-இல் ஒற்றைப் பேருந்தைத் தானே ஓட்டித்தான் ஜி.டி.நாயுடு தொழிலைத் தொடங்கினார். ஓட்டுகிறவர் காதும் ரிப்பேர் செய்கிறவர் காதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த காலம் அது. இப்போது நடுவில் ஒரு மேஜை இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பத்து வண்டி வரிசையில் நிற்க, அந்த மேஜையில் இருக்கிற தம்பி அத்தனை பேர் சொல்வதையும் நான்கு எழுத்தில் அடக்குகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் குறையை அவர் சுருக்க நான் விட மாட்டேன்.

நீங்களும் விடாதீர்கள். வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "டிபிஎஃப் விளக்கு பத்து நாளுக்கு ஒருமுறை எரிகிறது, ஒரு தடவைக்கு 4 கிலோமீட்டர்தான் ஓட்டம், கவுந்தப்பாடி தாண்டியதும் அணைகிறது, ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறது, டீசல் வாசம் வருகிறது" என்று முழுதாக இருக்க வேண்டும். இடம் போதாது என்பார்கள். தனித்தாளில் எழுதி, ஜாப் கார்டு எண்ணைக் குறித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அங்கேயே நின்று அவர்களுடைய மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். கிலோமீட்டர் தெரிகிற மாதிரி விளக்கு எரிவதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு டிப் ஸ்டிக்கையும் ஒரு படம். திருப்பி எடுக்கும்போது ஸ்கேனரில் வந்த விவரத்தை அச்செடுத்துக் கேளுங்கள். வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசியாக எப்போது எரித்து முடித்தது என்பதெல்லாம் அதில் பார்க்க முடியும். ஒன்றுமில்லை என்றால், "ஒன்றுமில்லை" என்பதையே எழுதித் தரட்டும்.

புது ஆயில் ஊற்றும்போது உங்கள் கார் புத்தகத்தில் போட்டிருக்கிற வகைதானா என்று பாருங்கள். இந்த வடிகட்டி இருக்கிற கார்களுக்குச் சாம்பல் குறைவாக விடுகிற ஆயில் வேண்டும். பெரும்பாலும் சி2, சி3 என்று டப்பாவில் இருக்கும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. தப்பான ஆயிலை ஊற்றினால் வடிகட்டி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். அப்புறம், அந்த வடிகட்டியையே வெட்டி எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை ஏமாற்றித் தருகிறேன் என்று சிலர் வருவார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், வாரண்டியும் போய்விடும். அந்தக் கரி பள்ளி வாசலில் நிற்கிற உங்கள் குழந்தைகள் மூச்சில்தான் போகும்.

வண்டி சரியான பிறகு வாரம் ஒரு நாள் சத்தியமங்கலம் வரை போய் வாருங்கள். ஒரே கியரில், 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓடினால் போதும். விளக்கு எரிந்தால் எப்படி ஓட்ட வேண்டும் என்று கார் புத்தகத்திலும் இருக்கும். வேலையே இல்லாமல் வாரம் 50 கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது எனக்கே உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால் உங்களுக்கு டீசல் கார் தேவையே இல்லை. தினம் 8 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் கார்தான் பொருத்தம். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டை வண்டியா என்று கேட்டீர்கள். தயாரிப்பிலேயே குறை என்று இந்தக் கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். வழக்குக்குப் போனாலும் அதுதான் கடினமான பகுதி. தயாரிப்புக் குறை என்றால் அதற்கு நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆனால் சேவைக் குறைபாடு வேறு விஷயம். நான்கு தடவை வந்தும் காரணத்தைக் கண்டுபிடிக்காதது, ஆயில் ஏறியதை நல்லது என்று சொன்னது, இவை சேவைக் குறைபாடு. அதை உங்கள் காகிதங்களே பேசும். முதலில் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதுங்கள். ஆயிலை இலவசமாக மாற்ற வேண்டும், டீசல் கலந்த ஆயிலில் ஓடியதால் எஞ்சினுக்கும் டர்போவுக்கும் வாரண்டியை நீட்டித்து எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. பொருளின் விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு விளக்கு முதலில் எரிந்து 11 மாதம் ஆகிவிட்டது. அதை மனதில் வையுங்கள்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மேடு பள்ளத்தில் விழுந்தால் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் லாரி வந்தால் என்ன ஆவேன்? சர்வீஸில் விட்டு 38 நாள் ஆகிறது. 'பார்ட்ஸ் வரலை' என்கிறார்கள். மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் போகிறது.

பதில்: தம்பி, ஆஃப் ஆனபோது மீட்டர் திரையும் சேர்ந்து அணைந்ததா, இல்லை திரை எரிந்துகொண்டே வண்டி மட்டும் இழுக்காமல் போனதா? இதை ஜாப் கார்டில் எழுதியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய். திரை எரிந்தபடி வண்டி மட்டும் நின்றால் சைடு ஸ்டாண்டு சுவிட்சை முதலில் சந்தேகப்படுவேன். ஸ்டாண்டு போட்டிருந்தால் வண்டி நகரக்கூடாது என்பதற்காக வைத்தது அது. குலுக்கலில் அது ஆடினால், ஸ்டாண்டு போட்டிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். திரையும் சேர்ந்து அணைந்தால், தளர்ந்த ஒயர் இணைப்பு அல்லது உள்ளே இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரி பக்கம் பார்க்க வேண்டும். பெரிய பேட்டரியை மாற்றுவதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவர்கள் சொன்னால், இந்த இரண்டையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

எந்த பார்ட்ஸ், எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி அங்கே நின்ற நாட்களை வாரண்டியில் கூட்டித் தரச் சொல்லியும், அதுவரை மாற்று வண்டி கேட்டும் மெயில் அனுப்புங்கள். தவணையை நிறுத்திவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடன் கொடுத்தவர் வேறு, வண்டி விற்றவர் வேறு. உங்கள் சேஸிஸ் எண்ணுக்குத் திரும்ப அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று தயாரிப்பாளர் இணையதளத்தில் பாருங்கள். 2022 கோடையில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தபோது சில கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. ஓடும்போது அணைவது பாதுகாப்புக் குறை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல அரசுக்கே அதிகாரம் உண்டு. எத்தனை பேர் புகார் செய்கிறார்கள் என்பதும் அதில் கணக்கு. உங்கள் ஷிப்டில் அதே வண்டி வைத்திருக்கிறவர்களையும் புகார் பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: காங்கேயம் பக்கம். கடன் வாங்கி ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) எடுத்து நானே தேங்காய் லோடு ஓட்டுகிறேன். எட்டு மாதத்தில் மூன்று தடவை கிளட்ச் போய்விட்டது. 'இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது' என்று ஷோரூமில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது என்பது பாதிச் சட்டம்தான். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அவரும் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோவையில் செய்த ஓர் இயந்திரத்தைப் பற்றிய வழக்கு அது. வாங்கிய கம்பெனி தோற்றது, அது பெரிய அளவில் தொழில் நடத்துவதற்காக வாங்கியது என்று. ஆனால் தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும், தானே ஓட்ட லாரி வாங்குகிறவரும் நுகர்வோர் என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

மூன்று தடவையும் எதை மாற்றினார்கள்? கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி, பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் விட்டிருந்தால் மறுபடி போகத்தான் செய்யும். பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் படுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். ஓவர்லோடு என்று அவர்கள் உங்கள் மேல் திருப்புவார்கள். ஆகவே மண்டியில் ஏற்றிய எடைச்சீட்டுகள் அத்தனையும் வேண்டும். உங்கள் பெயரில் உள்ள ஆர்சி, ஓட்டுநர் உரிமம், தவணை கட்டிய ரசீது, மூன்று ஜாப் கார்டு, இவற்றோடு எடைச்சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்தால் வெயிலில் அந்தச் சீட்டு மங்கிவிடும். இந்த வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.